பல்லில் இல்லாத வலி

பிடுங்கிய பல்லின் இடத்திலேயே அதே வலி திரும்பவும் வந்தால், அடுத்த பல்லைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். முகத்தின் ஒரு பக்கத்தில் கரண்ட் அடித்தாற்போல வந்து சில விநாடிகளில் மறையும் வலியோடு மலையகத் தோட்டங்களில் வாழ்கிறவர்களின் பேச்சையும், அவர்களை ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் கூட்டிப் போகிற பிள்ளைகளின் பேச்சையும் நீண்ட காலமாகக் கேட்டு வந்ததில் நான் வந்து சேர்ந்த முடிவுகளை இங்கே எழுதுகிறேன். அவற்றில் தலையாயது இது: இந்த நோய்க்கு மாத்திரையும் உண்டு, சத்திரசிகிச்சையும் உண்டு. எதை எப்போது என்ற கேள்விக்கு, கொழும்பில் மேசை முன் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குச் சொல்லும் விடையை, மழையில் வழுக்கும் சரிவில் கொழுந்துக் கூடையோடு நிற்கிறவருக்கு அப்படியே சொல்ல முடியாது. 'முடிந்தவரை மாத்திரையில் ஓட்டுவோம், எதுவும் முடியாவிட்டால் கடைசியில் ஆப்பரேஷன்' என்ற வழக்கமான வரிசை தோட்டத் தொழிலாளிக்குப் பல நேரம் பாதகமானது என்றே நான் நினைக்கிறேன். ஏன் என்பதைச் சொல்ல, நோயிலிருந்தே தொடங்க வேண்டும்.

முகத்தின் தொடுவுணர்வை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாவது மண்டை நரம்பு. நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்று, கன்னத்துக்கும் மேல் தாடைக்கும் ஒன்று, கீழ்த் தாடைக்கு ஒன்று என மூன்று கிளைகளாகப் பிரிவதால் அதை முக்கிளை நரம்பு என்கிறோம். இந்த நரம்பிலிருந்து கிளம்பும் வலியை வைத்தியர்கள் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று எழுதுவார்கள். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு, இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் அதிகமாக வருகிறது. ஒரு அடி சில விநாடிகள் இருக்கும். மிஞ்சினால் இரண்டு நிமிடம். ஒரு நாளில் பல முறை வரலாம். அடிக்கும் அடிக்கும் இடையில் அநேகமாக வலியே இருக்காது. வலியைக் கிளப்பிவிடுவது பலத்த அடியோ அழுத்தமோ அல்ல, மெல்லிய தொடுகை. பல் துலக்குவது, வெற்றிலையை மெல்லுவது, விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுவது, யாரோடாவது கதைப்பது, கன்னத்தில் காற்றுப் படுவது. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அங்கே உறைபனி விழும். அந்தக் காற்றில் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய் நிற்பதே சிலருக்கு நாளின் முதல் அடியைக் கொண்டுவரும். நெற்றிக் கிளையில் வலி வருவது அரிது. அப்படி வந்தவருக்குத் தலையில் மாட்டும் கூடைக் கயிறே எதிரியாகிவிடும். உலகின் பல இடங்களில் எடுத்த கணக்குகள் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் 4 முதல் 13 பேருக்கு இந்த நோய் புதிதாக வருவதாகச் சொல்கின்றன. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நுவரெலியா மாவட்டத்துக்கும் அந்த விகிதம் பொருந்துமானால், ஆண்டுதோறும் குறைந்தது இருபத்தெட்டுப் பேருக்காவது இது தொடங்குகிறது. அவர்களில் எத்தனை பேர் சரியான பெயரோடு ஒரு கிளினிக் கொப்பியில் பதிவாகிறார்கள் என்பதே என் கவலை.

வலி முகத்தில் தெரிகிறது. பிழை நடப்பது காதுக்குப் பின்னால், மண்டைக்குள். மூளைத்தண்டிலிருந்து நரம்பு புறப்படும் இடத்தில் ஒரு இரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து கிடக்கிறது. பெரும்பாலும் அது சிறுமூளைக்குப் போகும் மேல் தமனி. வயதாக ஆகக் குழாய்கள் நீண்டு வளைவதால், முன்பு விலகி இருந்த குழாய் நரம்பில் வந்து முட்டுகிறது. ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் அது நரம்பைத் தட்டித் தட்டி அதன் மேலுறையைத் தேய்க்கிறது. உறை தேய்ந்த இரண்டு மின்கம்பிகள் உரசினால் எப்படியோ, அப்படித் தொடுவுணர்வைக் கொண்டுபோகும் இழையிலிருந்து வலி இழைக்குச் சமிக்ஞை தாவிவிடுகிறது. காற்றுப் பட்டதற்கே உயிர் போகும் வலி வருவது அதனால்தான். இதை முதலில் ஊன்றிக் கவனித்தவர் பால்டிமோரின் சத்திரசிகிச்சை நிபுணர் வால்டர் டாண்டி; 1934இல் அதைப் பற்றி எழுதினார். 1950களின் இறுதியில் ஜேம்ஸ் கார்ட்னர் குழாயை விலக்கி வைத்துப் பார்த்தார். பீட்டர் ஜனெட்டா நுண்ணோக்கியின் உதவியோடு அந்த இடத்தைத் தெளிவாகப் பார்த்து, 1967இல் தன் ஆய்வை வெளியிட்டு, பின்னர் பிட்ஸ்பர்க்கில் ஆயிரக்கணக்கானோருக்கு அதைச் செய்து காட்டினார். குழாயை நரம்பிலிருந்து மெல்ல விலக்கி, இரண்டுக்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சை வைப்பது அந்தச் சத்திரசிகிச்சை. நரம்பை வெட்டுவதில்லை, சுடுவதில்லை. காரணத்தையே அகற்றும் முயற்சி இது ஒன்றுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு கண் மூட முடியாமல் போவது வேறு நோய். அது முகத்தசைகளை அசைக்கும் ஏழாவது நரம்பின் கோளாறு. முக்கிளை நரம்பின் வலியில் முகம் கோணாது. அடி வரும் விநாடியில் நோயாளி வலி தாங்காமல் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துவிட்டு 'வாதம்' என்று எண்ணெய் போட்டு உருவுகிறவர்கள், கிளப்பிவிடக் கூடாத இடத்தையே தொட்டுத் தொட்டுக் கிளப்புகிறார்கள்.

பல் விஷயத்துக்கு வருகிறேன். கீழ்த் தாடையிலும் மேல் தாடையிலும் அடிக்கும் வலியைப் பல்வலி என்று நினைப்பது இயல்பு. உலகம் முழுவதும் இந்த நோயாளிகள் நல்ல பற்களை இழக்கிறார்கள். தோட்டத்துக்கு மட்டும் உரிய அறியாமை அல்ல அது. ஆனால் நம்மிடம் பல் நிரப்பும் வசதியைவிடப் பல் பிடுங்கும் வசதியே எளிதாகக் கிடைப்பதால் இழப்பு கூடுகிறது. ஏமாற்றும் சங்கதி ஒன்றும் உண்டு. பல் வைத்தியர் விறைப்பு ஊசி போட்டதும் வலி நின்றுவிடும். 'பார்த்தீர்களா, பல்தான்' என்று எல்லோரும் நம்புவார்கள். கிளப்பும் இடம் மரத்துப்போனால் நரம்பு வலியும் தற்காலிகமாக நிற்கும் என்பதால் அந்தச் சாட்சி செல்லாது. போதாக்குறைக்கு, இந்த வலி தானாகவே சில வாரம், சில மாதம் ஓய்ந்திருக்கும் சுபாவம் உள்ளது. பல்லைப் பிடுங்கிய நாளும் ஓய்வு தொடங்கிய நாளும் அருகருகே வந்துவிட்டால், பிடுங்கியதால்தான் சுகமானது என்ற நம்பிக்கை கல்லில் எழுதியதாகிவிடும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பல்வலி மணிக்கணக்காக விண்விண் என்று தெறிக்கும், சூட்டுக்கும் குளிருக்கும் கூடும், இரவில் தூங்க விடாது. நரம்பு வலி விநாடிகளில் அடித்து ஓயும், தோலைத் தொட்டாலே கிளம்பும், தூங்கும்போது பெரும்பாலும் விட்டுவைக்கும்.

அப்படியானால் பல் வைத்தியரிடம் போகவே கூடாதா என்று கேட்பார்கள். கட்டாயம் போக வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் தோட்டங்களில் பரவலாக இருக்கிறது. வாய்ப் புற்றுநோயும் அதோடு சேர்ந்து வருகிறது. ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, வாய் திறப்பது குறைந்துபோதல், விட்டுவிட்டு இல்லாமல் ஒரே சீராக இருக்கும் வலி, உதட்டிலோ கன்னத்திலோ மரத்துப்போன உணர்வு ஆகியவை இருந்தால் இந்தக் கட்டுரையை ஒருபுறம் வைத்துவிட்டு முதலில் வாயைக் காட்டுங்கள். நான் வேண்டாம் என்பது பரிசோதனையை அல்ல. எக்ஸ்ரேயில் பழுது தெரியாத பல்லைப் பிடுங்கக் கேட்பதையும், பிடுங்கச் சம்மதிப்பதையும்தான். பெரும்பாலும் நோயாளியே 'பிடுங்கிவிடுங்கள்' என்று கெஞ்சுகிறார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வலியில் யாரும் கெஞ்சுவார்கள்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை இல்லை. ஸ்கேன் காரணத்தைத் தேடித் தருமே ஒழிய, நோய் இதுதான் என்று தீர்ப்பதில்லை. தீர்ப்பது நோயாளி சொல்லும் கதை. மலையகத்தில் எல்லாம் இடறும் இடமும் அதுவே. காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று, பதினொரு மணிக்கு வைத்தியர் முன் உட்கார்ந்து, ஒரு நிமிடத்துக்குள் வேற்று மொழியில் அல்லது அரைகுறையாகப் புரியும் மொழியில் 'பல்லு வலி' என்று மட்டும் சொன்னால், பனடோலும் ஒரு துண்டுச் சீட்டும்தான் கிடைக்கும். வைத்தியரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது; போகுமுன் கதையைத் தயார்செய்து கொண்டுபோவதுதான் கைக்கு எட்டும் வழி. வலி எந்தப் பக்கம், எந்த இடம், ஒரு அடி எத்தனை விநாடி, எதனால் கிளம்புகிறது, இடையில் முழுதாக விடுகிறதா, மரத்துப்போதல் உண்டா, எப்போது தொடங்கியது, இதுவரை எந்த எந்தப் பல் பிடுங்கியாயிற்று. இவற்றைப் பாடசாலைப் பிள்ளை ஒருவரைக் கொண்டு ஒரு தாளில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடி வரும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பேச்சு நடுவில் அறுந்து, கை கன்னத்தருகே போய்த் தொடாமல் நின்று, பத்து விநாடியில் முகம் தெளிவதை ஒரு முறை பார்த்த வைத்தியருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. பெண்கள் தங்கள் வலியைக் குறைத்துச் சொல்லும் பழக்கமும் இங்கே கெடுதல் செய்கிறது. சாப்பிட முடியாமல் உடம்பு இளைத்திருந்தால், பல் துலக்கி நாளாகியிருந்தால், அதை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். நோயின் கடுமையை அளக்க உதவும் குறிப்புகள் அவை.

பாதை இருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் தொடங்கினாலும் அங்கேயே தங்கிவிடக் கூடாது. ஹட்டன் பக்கம் உள்ளவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை, இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்தது, கிட்ட இருக்கிறது. மற்றவர்களுக்கு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை. அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் வாங்க வேண்டும். நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவும் கண்டியில் உண்டு, கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் உண்டு. பற்களைப் பற்றிய சந்தேகத்தை ஒரே தடவையில் தீர்த்துக்கொள்ளப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. காத்திருப்பு உண்டு. காத்திருப்பு உண்டு என்பதாலேயே வரிசையில் சீக்கிரம் சேர வேண்டும்.

நரம்பியல் பிரிவு எம்.ஆர்.ஐ. எழுதித் தரும். அதன் முதல் வேலை ஆபத்தான காரணங்களை விலக்குவது. நோயாளிகளில் சிறு பகுதியினருக்கு, ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு, கட்டியோ நரம்பின் உறையை அழிக்கும் வேறு நோயோ காரணமாக இருக்கும். 40 வயதுக்குள் வலி தொடங்கியவர்கள், இரு பக்கமும் வலி உள்ளவர்கள், கேட்கும் திறன் குறைந்தவர்கள், முகம் மரத்தவர்கள் ஸ்கேனை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது வேலை, நரம்பையும் குழாயையும் மெல்லிய துண்டுகளாகக் காட்டுவது. இதற்கென்று தனியான படமுறை உண்டு. சாதாரண மூளைப் படத்தில் இது தெரியாமல் போகலாம். ஆகவே ரிப்போர்ட்டில் 'நோர்மல்' என்று இருப்பதால் வலி பொய் என்று ஆகிவிடாது. மறுபக்கமும் உண்டு: வலியே இல்லாத பலருக்கும் குழாய் நரம்பைத் தொட்டபடி இருக்கும். தொடுவது மட்டும் போதாது. குழாய் நரம்பை இடம்பெயர்த்திருக்கிறதா, நரம்பு மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து ஆப்பரேஷனுக்கு அவசரப்படுத்துவதும், அதை மட்டும் பார்த்து வேண்டாம் என்பதும் ஒரே தவறின் இரு பக்கம். கதை முதலில், படம் அதற்குப் பிறகு.

மாத்திரைக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். கார்பமாஸெபின் வலிப்பு நோய்க்கான மருந்து. 1962இல் இந்த வலிக்கும் கேட்கும் என்று தெரிந்தது. இன்றுவரை அதுவே முதல் மருந்து. தொடக்கத்தில் பத்தில் ஏழு பேருக்கு மேல் நன்றாகக் கேட்கிறது. குறைந்த அளவில் பல ஆண்டுகள் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை, அதை வற்புறுத்துவதும் இல்லை. ஆனால் இதைப் பனடோலைப் போல வலிக்கும்போது மட்டும் போடுவதில் பயனில்லை. குறைவாகத் தொடங்கி, வைத்தியர் சொன்னபடி கூட்டி, நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். முதல் இரண்டு மாதங்களுக்குள் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உயிருக்கு ஆபத்தான தோல் ஒவ்வாமை ஆசிய மக்களில் சிலருக்கு மரபணு காரணமாக அதிகம் வருகிறது. 2007இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்காகவே தனி எச்சரிக்கை விடுத்தது. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் கையில் வைக்கும் குச்சியும் இந்த மருந்தோடு சேர்ந்தால் வலுவிழந்துவிடும் என்பதை இளம் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. இந்த மருந்து கருவில் உள்ள குழந்தையையும் பாதிக்கக்கூடியது. ஆகவே குடும்பநல மருத்துவமாதுவிடம் இந்த மாத்திரையின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனித்தான் என் வாதம். இந்த மாத்திரையின் வழக்கமான பக்கவிளைவுகள் தூக்கம், தலைசுற்றல், நடை தள்ளாடுவது, இரத்தத்தில் உப்புச்சத்து குறைவது. மருந்து நூல்களில் இவை சாதாரணமானவை என்று எழுதியிருக்கும். பஸ்ஸில் போய் மேசையில் உட்காருகிறவருக்குச் சாதாரணமானவையாகவும் இருக்கலாம். செங்குத்தான மலையில், ஈரக் கல்லில் கால் வைத்து, முதுகில் பாரத்தோடு இறங்குகிறவருக்குத் தள்ளாட்டம் என்பது விழுவது. தூக்கம் என்பது கிலோ குறைவது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். நாட்சம்பளத்தில் பாதி போவது எந்த மருந்து அட்டவணையிலும் பக்கவிளைவாக எழுதப்படுவதில்லை. ஐரோப்பிய நரம்பியல் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, மருந்தால் வலி போதிய அளவு அடங்காதபோதோ, மருந்தை நோயாளியால் தாங்க முடியாதபோதோ சத்திரசிகிச்சையை முன்வைக்க வேண்டும் என்கிறது. தாங்குவது என்பதை நோயாளியின் வேலையை வைத்துத்தான் அளக்க முடியும். வலி அடங்கிவிட்டது, ஆனால் மலைக்குப் போக முடியவில்லை என்றால் அவர் மருந்தைத் தாங்கவில்லை என்றே பொருள். கிளினிக்கில் 'வலி எப்படி?' என்ற கேள்விக்கு 'பரவாயில்லை' என்று சொல்லி எழுந்துவிடாமல், 'வலி குறைவு, ஆனால் நடக்கும்போது சுற்றுகிறது, கொழுந்தெடுக்க முடியவில்லை' என்று முழுதாகச் சொல்ல வேண்டும்.

இதோடு மருந்து தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவால் மலையகத்தின் பல வீதிகள் துண்டாகிக் கிடந்தன. கார்பமாஸெபினைத் திடீரென நிறுத்தினால் வலி முழு வேகத்தில் திரும்பும். குறைந்தது இரண்டு வார மாத்திரையாவது எப்போதும் வீட்டில் மிச்சமிருக்கும்படி கிளினிக் தேதியைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஆண்டுகள் போகப் போக அதே அளவு மருந்து கேட்காமல் போய், அளவைக் கூட்ட, பக்கவிளைவும் கூடுவதும் சிலரிடம் நடக்கிறது.

சத்திரசிகிச்சையின் பக்கம் என்ன சாட்சி உண்டு? ஜனெட்டாவின் குழு 1996இல் வெளியிட்ட கணக்கு இன்றும் எடைபோட உதவுவது. 1972 முதல் 1991 வரை குழாய் விலக்கும் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 1,185 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உடனடியாக முழு நிவாரணம் பெற்றவர்கள் நூற்றுக்கு 82 பேர். பத்தாண்டுக்குப் பிறகும் மாத்திரையே இல்லாமல் வலியின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 70 பேர். இறந்தவர்கள் இருவர். ஒரு பக்கக் காது கேளாமல் போனது நூற்றுக்கு ஒருவருக்கு. என் வாதத்துக்கு இவற்றைவிட முக்கியமான ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது: வலி தொடங்கி எட்டு ஆண்டுக்கு மேல் ஆனபின் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி திரும்பும் வாய்ப்பு அதிகம். குழாய் தேய்த்துத் தேய்த்துச் சிதைத்த நரம்பிலிருந்து பிறகு குழாயை விலக்கினாலும் பழைய நிலை முழுதாக வருவதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பல் பிடுங்குவதில் இரண்டு ஆண்டு, எண்ணெயிலும் நேர்த்தியிலும் ஓர் ஆண்டு, தலைசுற்றலோடு மாத்திரையில் ஆறு ஆண்டு என்று போனால், 'கடைசியில் ஆப்பரேஷன்' என்று வைத்திருந்த கதவு நாம் போய்ச் சேரும்போது பாதி மூடியிருக்கும்.

மூளையில் கை வைப்பதா என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு பெரிய நாணயமளவு திறப்பு, முழு மயக்கம், சில மணி நேரம். மூளையின் சதையை வெட்டுவதில்லை, சிறுமூளையின் ஓரத்தைச் சற்று விலக்கிப் போகிறார்கள். ஆனாலும் மூளைநீர் கசிவு, மூளைக்காய்ச்சல், காது கேளாமை, முகம் மரத்தல், அரிதாகப் பக்கவாதம், மிக அரிதாக மரணம் வரலாம். ஹிந்தி நடிகர் சல்மான் கான் இந்த வலிக்காக 2011இல் அமெரிக்கா சென்று சத்திரசிகிச்சை செய்துகொண்டதை வெளிப்படையாகச் சொன்ன பிறகு நம் மக்களிடம் இதைப் பேசுவது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. கூடவே, பணக்காரர்களுக்குத்தான் இது என்ற எண்ணமும் ஏறியிருக்கிறது. அந்த எண்ணம் தவறு. பிட்ஸ்பர்க்கின் எண்கள் அப்படியே கண்டிக்கும் கொழும்புக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். அதிகம் செய்யும் இடங்களில் விளைவு நன்றாக இருக்கும் என்பது பல நாடுகளில் கண்டது. எனவே சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்: இந்தச் சத்திரசிகிச்சையை உங்கள் பிரிவில் எவ்வளவு செய்கிறீர்கள், எனக்குக் குழாய் அழுத்துவது படத்தில் தெரிகிறதா, காது கேட்கும் திறனைக் கவனிக்க என்ன செய்வீர்கள். நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார்.

எல்லோருக்கும் இதுவே பொருத்தம் என்றும் இல்லை. இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்களுக்கு, நீண்ட மயக்கம் தாங்காத முதியவர்களுக்கு, கன்னத்தின் வழியாக ஊசியைச் செலுத்தி நரம்பின் முடிச்சைச் சூட்டாலோ, கிளிசரோலாலோ, சிறு பலூனாலோ செயலிழக்கச் செய்யும் முறைகள் உண்டு. சீக்கிரம் வீடு திரும்பலாம், நிவாரணமும் உடனே தெரியும். விலையாக முகத்தில் மரப்பு வரும். சில ஆண்டுகளில் வலி திரும்பவும் கூடும். கண்ணின் கருவிழி மரத்துவிட்டால் தூசியும் காற்றும் படுவது தெரியாமல் புண்ணாகும். மலையில் வேலை செய்கிறவர் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வயது மட்டுமே குழாய் விலக்கும் சத்திரசிகிச்சைக்குத் தடை அல்ல, உடல்நிலைதான் தீர்மானிக்கும். 'அம்மாவுக்கு வயதாகிவிட்டது' என்று பிள்ளைகள் வாசலிலேயே முடிவு கட்டாமல் மயக்க வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

நேர்த்தி வைத்தேன், நாட்டு மருந்து சாப்பிட்டேன், ஆறு மாதம் வலியே இல்லை, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்பார்கள். நோய் தானாக ஓய்வெடுக்கும் என்று முன்பே சொன்னேன். ரோதமுனி கோவிலுக்கோ தலவாக்கலை சேர்ச்சுக்கோ போவதை யாரும் நிறுத்த வேண்டாம். ஓய்வு வந்த காலத்தை மட்டும் வீணாக்க வேண்டாம். பல் துலக்கி, நன்றாகச் சாப்பிட்டு, இரத்தச்சோகைக்கு மருந்தெடுத்து உடம்பைத் தேற்ற ஏற்ற காலம் அது. கண்டிக்குக் கடிதம் வாங்கி வரிசையில் சேரவும் அதுவே ஏற்ற காலம். வலி இல்லாத நாளில் கிளினிக்குக்குப் போவது வீண் என்று நினைக்கிறோம். கதை நன்றாகச் சொல்ல முடிவது அன்றுதான்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் நேர்மையாகாது. சிகிச்சை இலவசம், நாட்கள் இலவசமல்ல. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கண்டி ஏறக்குறைய 75 கிலோமீற்றர். போய்வர ஒரு நாள் போகும், கூட வருகிறவரின் நாட்சம்பளமும் போகும். ஸ்கேன், கிளினிக், மயக்கப் பரிசோதனை என்று தனித்தனி நாட்கள் விழாதபடி, தூரத்திலிருந்து வருகிறோம் என்று கவுண்டரில் சொல்லி ஒரே நாளில் கேட்டுப் பாருங்கள். பல நேரம் கிடைக்கும். தோட்ட நிர்வாகத்திடம் வைத்தியக் கடிதத்தை முன்பே கொடுத்து, திரும்பி வந்ததும் சில மாதங்கள் பாரமில்லாத வேலை கேட்டு வைப்பதும், தொழிற்சங்கத் தலைவரை அதற்குக் கூட அழைத்துக்கொள்வதும் நடைமுறையில் உதவும். சிகிச்சைக்காக வட்டிக்குக் கடன் வாங்கி இந்தியாவுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையிலும் வேலூரிலும் இந்தத் துறை 1950 வாக்கிலேயே வேரூன்றியது, திறமைக்குக் குறைவில்லை. ஆனால் கண்டியிலும் கொழும்பிலும் ஒரு முறையாவது சர்ஜனின் கருத்தைக் கேட்காமல் நகையை அடகு வைக்க வேண்டாம்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு விட்டதும் நேரே மலைக்கு ஏறிவிடாமல், உறவினர் யாராவது கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கம் இருந்தால் முதல் வாரம் அங்கே தங்குவது பாதுகாப்பு. மூக்கிலிருந்தோ தையலிலிருந்தோ தெளிந்த நீர் வடிந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கடும் தலைவலியோடு வாந்தி வந்தால், கிளினிக் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே திரும்ப வேண்டும். 1990 அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. வலி போய்விட்டது என்று மாத்திரையை அன்றே விட்டுவிடாமல் வைத்தியர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும். சிலருக்கு வலி சில நாட்கள் கழித்தே முழுதாக அடங்குகிறது. முன்னே குனிவதும் பாரம் தூக்குவதும் சில வாரங்களுக்கு ஆகாது. கூடைக் கயிற்றை மறுபடி தலையில் மாட்டலாமா, எப்போது என்பதைக் காயத்தைப் பார்த்த சர்ஜனிடமே கேட்க வேண்டும், அதுவும் கூடை எப்படித் தொங்கும், எத்தனை கிலோ என்று காட்டிக் கேட்க வேண்டும். கொழுந்துக் கூடையைக் கண்ணால் கண்டிராத சர்ஜனுக்கு அது தானாகத் தெரியாது. பல ஆண்டு கழித்து வலி திரும்பினால் மீண்டும் மாத்திரை கேட்கும், மீண்டும் சத்திரசிகிச்சையோ ஊசி முறையோ செய்யவும் வழி உண்டு. அதற்காக டிஸ்சார்ஜ் கார்டையும் ஸ்கேன் சீடியையும் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.